மஞ்சள் வெளிச்சத்தில் வரைந்தவள்

என் மனைவி ஓவியம் வரைகிறவள் என்று யாரிடமாவது சொன்னால் போதும், அடுத்த நிமிடமே தங்கள் குழந்தையின் பிறந்தநாள் போட்டோவைக் கைப்பேசியில் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இதைப் பார்த்து அப்படியே வரைந்து தருவாளா என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு வராது. பார்க்கலாம் என்று சிரித்தே அனுப்பிவிடுவாள். பொறுமைசாலி என்று ஊரில் பேர். அந்தப் பொறுமையைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்து என் பொறுமைதான் தேய்ந்துபோயிற்று.

அவளுக்கு வேலை ஒரு பல் மருத்துவமனையில், வரவேற்பு மேஜையில். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களின் பெயரை எழுதி, உட்காரச் சொல்லி, இதோ கூப்பிட்டுவிடுவார்கள் என்று நாள் முழுக்கச் சமாதானம் சொல்கிற வேலை. அங்கே காத்துக்கொண்டிருக்கிறவர்களைத்தான் அவள் வரைகிறாள். வலியில் சுவரையே வெறிக்கிற லாரி ஓட்டுநர். வரும் வழியில் சண்டை போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும் தம்பதி. பரீட்சையைத் தள்ளிப்போடப் பல்வலியை வரவழைத்துக்கொண்ட மாணவி. ஒருவரையும் படம் பிடிக்கமாட்டாள், கோடு போட்டுக்கூடக் குறித்துக்கொள்ளமாட்டாள். முகத்தை அப்படியே மண்டைக்குள் வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் நேராக ஸ்டூடியோவுக்குப் போய்விடுவாள். வழியில் நான் போன் செய்தால் எடுக்கமாட்டாள். பேசினால் முகம் கலைந்துவிடுமாம். வீட்டில் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

ஸ்டூடியோ என்றதும் பெரிய ஜன்னலும் அதற்கு வெளியே மரமும் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மூடிக்கிடந்த ஒரு பட்டன் தொழிற்சாலையைத் தடுப்புச் சுவர் வைத்து அறை அறையாகப் பிரித்து ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் விட்டிருக்கிறார்கள். இவளுக்கு வந்து வாய்த்தது மேல்மாடியின் கடைசி அறை. சாயம் போட்ட பட்டன்களை வெயில் படாமல் காயவைத்த அறை அது, அதனால் ஜன்னல் என்பதே கிடையாது. தரையைக் கூட்டினால் விரிசலிலிருந்து இன்னும் பட்டன் வருகிறது. பக்கத்துக் கதவு கழிப்பறை. வருடத்துக்கு ஒருமுறை, எல்லா அறைகளையும் திறந்துவைத்து ஊர் ஜனத்தைக் கூப்பிடுகிற ஓப்பன் ஸ்டூடியோ நாளில், இவள் அறைக்குள் தலையை நீட்டுகிறவர்களில் பாதிப் பேர் விசாரிப்பது ஓவியத்தை அல்ல.

அறையின் நடுவில் ஒரே ஒரு மஞ்சள் பல்பு தொங்கியது. பழைய தொழிற்சாலைக்காரர்கள் மாட்டிய மஞ்சளை யாரும் மாற்றவில்லை. அதன் கீழேதான் அவள் இத்தனை வருடமும் வரைந்தாள். வரைந்த படம் எதுவும் அந்த அறையை விட்டு வெளியே வந்ததில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் காலண்டர் மாட்டவே இடம் தேட வேண்டும், படத்துக்கு எங்கே போவது? ஆக, அவள் வரைந்த ஒரு முகமும் பகல் வெளிச்சத்தைக் கண்டதில்லை. அதில் இவ்வளவு வில்லங்கம் இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை.

ஒரே ஒரு படம் மட்டும் அவள் கண்ணெதிரே ஆளை உட்காரவைத்து வரைந்தது. என் மாமியாரின் படம். அத்தை எங்களோடுதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, அசையக்கூடாது என்று மகள் சொல்லச் சொல்ல அசைந்துகொண்டே இருப்பார். வாய் அதைவிட அசையும். படம் முடிந்தபோது அவருக்கு ஒரே குறை, மூக்கைப் பெரிதாகப் போட்டுவிட்டாள் என்பது. நான் மூக்கையும் படத்தையும் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில்தானே நானும் சாப்பிட வேண்டும்.

இப்போது கலைக்கூடத்து அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகரத்தின் பெரிய கலைக்கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு. ஓப்பன் ஸ்டூடியோ நாளில் வந்து சுற்றிப் பார்த்து, அந்தக் கட்டடத்திலிருந்து ஒரே ஒருவரைப் பொறுக்கி எடுப்பார். அப்படிப் பொறுக்கப்பட்டவருக்கு அந்த வருடம் தனிக் கண்காட்சி. மற்ற அத்தனை பேரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கலைக்கூடத்து அம்மா மேல்மாடிக்கு ஏறியதே கிடையாது. மூட்டுவலியாம். கீழேயோ நடு மாடியிலேயோ யாரையாவது பிடித்துப்போய்விடும், அதோடு தேர்வு முடிந்தது. மூட்டுவலிக்குத் தகுந்தபடி கலை வளர்கிற கட்டடம் அது.

இந்த வருடம் அவருக்கே கடைவாய்ப் பல் வலித்து மருத்துவமனைக்கு வந்திருக்கிறார். மரத்துப்போன வாயோடு இவளுடைய மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பேச்சுக்கொடுத்து, நீங்களும் அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறீர்களா என்று ஆச்சரியப்பட்டு, இந்த முறை உங்கள் அறைக்கு வராமல் போகமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். அன்று இரவு என் மனைவி சமைத்ததில் உப்பே இல்லை. நானும் அத்தையும் மூச்சுவிடாமல் சாப்பிட்டோம்.

சாப்பிட்டு முடித்ததும் அவளாகவே சொன்னாள். "இந்த வருஷமும் இல்லைன்னா ரூமைத் திருப்பிக் கொடுத்துடப் போறேன். யாருமே பார்க்காத படத்தை எத்தனை நாள்தாங்க வரையிறது?"

கல்யாணமான நாளிலிருந்து அவளை எனக்குத் தெரியும். சும்மா சொல்கிறவள் இல்லை. அறையை விட்டுவிட்டால் வீட்டில் வரைய மாட்டாள், வரையாமல் இருக்கவும் அவளால் முடியாது. அந்த அறை போனால் அவளில் பாதி போய்விடும் என்பது எனக்கும் அத்தைக்கும் நன்றாகத் தெரியும்.

அந்த நாளும் வந்தது. கலைக்கூடத்து அம்மா மத்தியானத்துக்கு மேல் வருவார் என்று பேச்சு. அவர் இருக்கும்போது அத்தை வந்து மூக்குப் புராணத்தை ஆரம்பித்துவிடக்கூடாது என்பதால், அத்தையைச் சாயங்காலம் நான் அழைத்துவருவதாக ஏற்பாடு. காலையில் நாங்கள் இரண்டு பேரும் போய் அறையைத் திறந்து சுவிட்சைப் போட்டோம்.

பளீர் என்று வெள்ளை வெளிச்சம். கண்ணைக் கசக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தேன். லாரி ஓட்டுநர் நீலம் பாரித்திருந்தார். தம்பதி இரண்டு பேருக்கும் கன்னத்தில் பாசி பிடித்த பச்சை. மாணவி மூழ்கிச் செத்தவள் மாதிரி இருந்தாள். அத்தையின் படத்தைப் பார்த்தவுடனே கண்ணை எடுத்துவிட்டேன். சவப்பெட்டிக்குள் கிடத்தி வைத்த முகம் அது.

நான் டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிறவன். கடையில் பார்த்த நிறம் வீட்டில் இல்லை என்று தினமும் யாராவது வந்து கத்துவார்கள். அதனால் என்ன நடந்திருக்கிறது என்பது எனக்கே புரிந்துவிட்டது. மஞ்சள் பல்பின் கீழே எல்லாமே ஏற்கெனவே மஞ்சளாகத் தெரியும். அதைச் சரிக்கட்ட இவள் அறியாமலேயே நீலத்தையும் பச்சையையும் அள்ளிப் போட்டு வந்திருக்கிறாள். அந்த வெளிச்சத்தில் சரியாக இருந்தது. வெளிச்சம் மாறியதும் அள்ளிப் போட்டது அத்தனையும் மேலே வந்து நின்றது. அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

நேராகக் கட்டடக் குழுவின் செயலாளரிடம் போனேன். நடு மாடியில் களிமண் ஜாடி செய்கிறவர் அவர். கழிப்பறைக்குக்கூடச் சுற்றறிக்கை ஒட்டுகிற ஆள் என்பதால் கட்டடத்தில் அவருக்கு சர்க்குலர் என்று பெயர். எல்லா அறையிலும் ஒரே மாதிரி வெளிச்சம் இருக்க வேண்டும் என்று குழுவில் தீர்மானம் போட்டு, நேற்று எல்லாரும் கிளம்பிய பிறகு மின்சாரக்காரரை விட்டு மாற்றிவிட்டதாகச் சந்தோஷமாகச் சொன்னார். சுற்றறிக்கை பார்க்கவில்லையா என்று வேறு கேட்டார். வரைகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெளிச்சத்தை மாற்றுவார்களா என்றேன். பொறுமையாகப் பேசுங்கள் சார் என்றார். என்னைப் பார்த்து அதைச் சொல்கிறவர்கள் யாராக இருந்தாலும் எனக்கு ஆகாது.

கழற்றிய பல்புகள் கீழே வெல்டிங்கிடம் போயிருந்தன. அவர் இரும்புச் சிற்பி, நாங்கள் கூப்பிடுவது வெல்டிங் என்று. அவர் அறைக்குள் போனால், ஒரு பெரிய இரும்புக் கூண்டு நிறைய எங்கள் பல்புகள் தொங்குகின்றன. ஒன்றும் எரியவில்லை. பக்கத்தில் 'கூட்டம்' என்று தலைப்பு. ராத்திரியே செய்து முடித்தாராம். அதில் ஒன்று எங்களுடையது, கழற்றித் தாருங்கள் என்று கேட்டேன். ஒன்றைக் கழற்றினால் அர்த்தம் போய்விடும் என்றார்.

"அது எங்க ரூம் பல்புங்க."

"நேத்து வரைக்கும் அது உங்க பல்பு. இப்ப அது என் வேலையோட ஒரு பகுதி."

அந்தக் கூண்டுக்குள் அவரையும் சேர்த்துத் தொங்கவிட்டால் அர்த்தம் இன்னும் கூடும் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு மேலே போனேன். மனைவி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள், "எங்கயாவது போய் ஒரு மஞ்சள் பல்பு வாங்கிட்டு வாங்க. அவங்க வர்றதுக்குள்ள வந்துடுங்க."

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என்னை அனுப்பியது அவள்தான்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அலைந்தேன். முதல் கடையில் எல்லாமே வெள்ளை. அடுத்த கடைக்காரர், மஞ்சளா, அதை இப்போது யார் வாங்குகிறார்கள் என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். இன்னொருவர் மஞ்சள் காகிதம் சுற்றிக்கொள்ளச் சொல்லி யோசனை வழங்கினார். ஒருவர் உள்ளே போய்த் தேடுகிறேன் என்று போனவர் போனவர்தான், கிணற்றில் போட்ட கல். வெயில் ஏறிக்கொண்டே போனது. நாய் படாத பாடு பட்ட பிறகுதான் புத்தி வந்தது. எங்கள் வீட்டிலேயே, அத்தையின் அறையில், மஞ்சள் பல்புதான் எரிகிறது. வெள்ளை வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று அவர் மாற்றவிடவில்லை.

வீட்டுக்குப் போனால் அத்தை காலையிலிருந்தே நல்ல உடை உடுத்தித் தயாராக உட்கார்ந்திருக்கிறார். நான் பல்பைக் கழற்றுவதைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார், சொன்னேன். "அப்ப நானும் இப்பவே வந்துடறேன் மாப்பிள்ளை. எதுக்கு உங்களுக்கு ரெண்டு நடை?" என்றார். பல்பைச் சட்டைப்பையில் வைத்தால் உடைந்துவிடும், பிடித்துக்கொள்ளவும் ஓர் ஆள் வேண்டும். சரி என்றேன். வழி முழுக்க அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கட்டடத்தில் கூட்டம் நெரிந்தது. லிஃப்டுக்குள் யாரோ கலைப்படைப்பு வைத்திருந்ததால் லிஃப்ட் ஓடாது. அத்தை மெதுவாக வருவதாகச் சொல்லவும், நான் பல்பை வாங்கிக்கொண்டு முன்னால் படியேறி ஓடினேன்.

அறைக்குள் கலைக்கூடத்து அம்மா. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். அத்தையின் படத்துக்கு எதிரே நின்றுகொண்டு, என் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது. போச்சு, படங்களின் லட்சணத்தைப் பார்த்து ஆறுதல் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். என் கையில் பல்பு இருந்தது. இரண்டு நிமிடம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும். ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"இப்ப வேணாங்க" என்றாள் மனைவி.

இதுதான் அவள் சுபாவம். யாருக்கும் தொந்தரவு கொடுக்கக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். அவள் கண்ணைக் காட்டினாள். வெறுமனே கண்ணைக் காட்டினால் எதற்கு என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? ஊர் முழுக்க அலைந்து கொண்டுவந்த பல்பு அது. வெள்ளையைக் கழற்றி மஞ்சளை மாட்டினேன்.

சொல்லக்கூடாது, ஆனால் அந்தக் கணம் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. சுவர் முழுக்க உயிர் திரும்பியது. ஓட்டுநருக்கு ரத்தம் ஓடியது, மாணவியின் வாயோரத்தில் கள்ளச் சிரிப்பு தெரிந்தது. அத்தை படத்துக்குள் இப்போதுதான் ஏதோ சொல்லி முடித்தவர் மாதிரி இருந்தார். கலைக்கூடத்து அம்மா ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்குப் பார்த்தார். அவர் முகம் சுருங்குவதைப் பார்த்தபோதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்போது அத்தை மூச்சிரைக்க உள்ளே வந்தார். வந்தவர் வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்து, விருந்தாளியைப் பார்த்து வணக்கம் சொன்னார். "நான்தாங்க அது. நல்லாத்தான் போட்டிருக்கா, மூக்குதான் கொஞ்சம் பெருசாயிடுச்சு" என்றார்.

கலைக்கூடத்து அம்மா என் மனைவியின் கைகளை விட்டுவிட்டார்.

"இவங்க போன வருஷம் தவறிட்டாங்கன்னுல்ல சொன்னீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. புரியாமல் கேட்டார்.

என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மறுபடியும் சுவரை ஒரு சுற்றுப் பார்த்து, நன்றாக இருக்கிறது, தொடர்ந்து வரையுங்கள் என்று, ஊசி போட்ட குழந்தையிடம் டாக்டர் பேசுகிற குரலில் சொல்லிவிட்டு, மூட்டைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். நான் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வெள்ளை பல்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்திலேயே கீழே ஒலிபெருக்கியில் சர்க்குலரின் குரல் கேட்டது. இந்த வருடத் தனிக் கண்காட்சி வெல்டிங்குக்கு. 'கூட்டம்' என்ற படைப்புக்காக. எல்லாரும் கைதட்டினார்கள். எங்கள் பல்பு கலைக்கூடத்துக்குப் போகிறது, அவள் படம் போகவில்லை.

கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் என் மனைவிக்கு வாய் திறந்தது. என்மேல் பாய்ந்தாள். இப்போது வேண்டாம் என்று சொன்னேனே, கண்ணைக் காட்டினேனே, உங்களுக்கு ஒரு நாளாவது ஏதாவது புரிந்திருக்கிறதா என்று கேட்டாள். நீதானே அனுப்பினாய் என்று நானும் விடவில்லை. வெயிலில் நான் அலைந்ததைச் சொன்னேன், எந்தக் கடையில் யார் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது வரை சொன்னேன். பொறுமைசாலி என்று பேர் வாங்கியவள் அன்றைக்குக் கத்தினதை அடுத்த அறைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பின்னாலேயே ஒருத்தர் தலையை நீட்டிக் கழிப்பறை எங்கே என்று கேட்டார். கையைக் காட்டினேன்.

பிறகு அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மா உள்ளே வந்ததுமே அசந்து நின்றுவிட்டாராம். செத்தவர்களைக் காத்திருக்கிறவர்களாக வரைந்திருக்கிறீர்கள், இப்படி ஒரு துணிச்சலை நான் பார்த்ததில்லை என்றாராம். இல்லை, இவர்கள் பல்வலிக்காரர்கள், வெளிச்சம்தான் தப்பு என்று சொல்ல வாயெடுத்திருக்கிறாள். அதற்குள் அவர், இந்த வருடம் நீங்கள்தான், வேறு அறைக்கே நான் போக வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் நாக்கு எழவில்லையாம். அடுத்து அத்தையின் படத்துக்கு முன்னால் நின்று, இவர் யார் என்று கேட்டிருக்கிறார். அம்மா என்றிருக்கிறாள். எப்போது போனார்கள் என்று கேட்டிருக்கிறார்.

"இல்லைன்னு சொன்னா எல்லாம் போயிடுமேன்னு இருந்துச்சு. வாய் தன்னால சொல்லிடுச்சு" என்றாள்.

எனக்கு அவள்மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. பொய் என்றால் பொய்தான். ஆனால் பல வருடம் உண்மையாகவே வரைந்து பார்த்தாளே, ஒருத்தர் படி ஏறி வந்தார்களா? வந்த ஒருவருக்குப் பிடித்துப்போனதும் அவள் வரையாத ஒன்றுதான். அதையாவது வைத்துக்கொள்ளட்டும் என்று விட எனக்குத் தோன்றவில்லை, கையில் பல்பு இருந்ததால். அத்தையைத் திரும்பிப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. பெற்ற மகள் வாயால் செத்துப்போனவர் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்.

அத்தை இவ்வளவு நேரமும் பல்பைச் சுற்றிக்கொண்டுவந்த துண்டை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்ததும் மகளைக் கூப்பிட்டார்.

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்லடி? நான் கீழேயே நின்னிருப்பேனே."

"அம்மா, போதும்மா" என்றாள் இவள்.

"இல்லடி, நிஜமாத்தான் சொல்றேன். அந்தக் கண்காட்சி எத்தனை நாள் நடக்கும்? அத்தனை நாளும் நான் வீட்டை விட்டு வெளியவே வந்திருக்க மாட்டேன்."